இரண்டாவது அகப்பை

தாக் மல்நியோ உட்கார்ந்து சாப்பிட்டதைச் சுன்ச்சோன் கீழ்ச்சந்தையில் யாரும் பார்த்ததில்லை. இரண்டிலும் ஏழிலும் முடியும் தேதிகளில் கூடும் சந்தை அது. முப்பத்தொரு வருஷம் ஆணிக்கடைக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நடுவில், ஒரே இடத்தில், சோயா முளை விற்றாள். மத்தியானம் ஆனதும் நூடுல்ஸ் கடை ஜொம்ரே ஒரு கிண்ணத்தை நீட்டுவாள். மல்நியோ அதை நின்றபடியே வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, பத்து வாயில் முடித்து, கிண்ணத்தைக் கழுவியும் கொடுத்துவிடுவாள்.

“உக்காந்து தின்னேன்டி. பெஞ்சு உன்னக் கடிக்கவா போவுது?” என்பாள் ஜொம்ரே.

“உக்காந்தா எந்திரிக்க மறந்துடும்.”

“மறந்தா நான் எழுப்பி விடறேன். எழுப்பறதுக்குக் காசு கேக்க மாட்டேன்.”

மல்நியோ அதற்குள் தன் பானைக்கு ஓடியிருப்பாள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் நடைதான். முளை வளர்ப்பவளுக்கு அந்த நடை பொருந்தியும் போனது. அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் சோயா விதையைப் பரப்பிக் கறுப்புத் துணி போர்த்தி, மூன்று மணிக்கொரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அந்தக் கணமே கீழே ஒழுகிவிடும். ஒழுகியதை மொண்டு மறுபடி ஊற்றுவாள். ஆறாம் நாள் துணியை விலக்கினால் பானை நிறைய மஞ்சள் தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

தேவைக்கு மேல் இருப்பதற்கு அவளிடம் பல பெயர்கள் இருந்தன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கவே மாட்டாள். எடை போட்டு, முள் நின்ற இடத்தை வாங்குகிறவருக்குக் காட்டி, அதற்குப் பிறகு பையில் போடும் ஒரு பிடிதான் கொசுறு. எடை போடும்போதும் முதலில் கையைச் சுருக்கிக் குறைவாக வைத்து, பிறகு கூட்டுவாள். தட்டிலிருந்து ஒரே ஒரு முளையைத் திரும்ப எடுத்தாலும் வாங்குகிறவள் முகம் கறுத்துப்போகும். போட்டுக்கொண்டே போனால் மலரும். சாயங்காலம் விற்காமல் நின்றுபோவது மிச்சம். அது வேறு. மிச்சத்தைக் கொசுறாகக் கொடுப்பது அவள் கணக்கில் ஏமாற்று வேலை.

ஒருமுறை, கடை கட்டும் நேரத்தில் ஒரு பட்டுச் சால்வைக்காரி, “மிச்சம் இருக்கறத இப்படிப் போட்டுடேன்” என்றாள்.

“மிச்சம் கோழிக்குப் போவுதும்மா. நீங்க கொசுறு கேளுங்க, தரேன். கொசுறு கேக்கறது உங்க உரிமை.”

சால்வைக்காரி கோபமாகப் போனாள். அடுத்த சந்தைக்கே திரும்பி வந்தாள்.

ஒரு சொல்லை மட்டும் மல்நியோவின் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. குன். தனியாக நிற்காத சொல் அது. வேறொரு சொல்லின் தோளில் ஏறிக்கொண்டு வரும், ஏறியதை வேண்டாததாக்கிவிடும். குன்-பேச்சு என்றால் பேசாமலே இருந்திருக்கலாம். குன்-சதை என்றால் இடுப்பில் தொங்குவது. குன்-ஆள் என்றால் வீட்டில் ஒண்டிக்கொண்டு சாப்பிடும் அதிகப்படி வாய், தண்டச்சோறு.

அந்தச் சொல்லோடு அவளுக்கு எட்டு வயதிலிருந்து பழக்கம்.

அவள் ஆறாவது பெண். மல்நியோ என்ற பெயருக்குக் கடைசிப் பெண் என்று பொருள். இனிமேல் பெண் வேண்டாம் என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பிய செய்தி அது. செய்தி போய்ச் சேரவில்லை. அவளுக்குப் பின்னும் ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் ஒரு வாயைக் குறைக்க வேண்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியப்பா வீட்டுக்கு மல்நியோவை அனுப்பினார்கள்.

பெரியம்மா பொல்லாதவள் அல்ல. அடித்ததில்லை. ஐந்து பிள்ளைகளும் பாதிக்குப் பாதி பார்லி கலந்த சோறும் அவளுடைய பாடு. சாப்பாட்டு வேளையில் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் பரிமாறுவாள். ஒரே அகப்பையில் சோறு போட்டால் பாசம் அற்றுவிடும் என்பது அந்த மண்ணில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கிண்ணம் எவ்வளவு சின்னதானாலும், முதல் அள்ளிலேயே நிறைந்துவிட்டாலும், பேருக்கு நாலு பருக்கையாவது இரண்டாவது தடவை வைக்க வேண்டும். முதல் அகப்பை வயிற்றுக்கு, இரண்டாவது மனசுக்கு. பெரியம்மாவின் அகப்பை ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் இரண்டு தடவை தட்டும். தட், தட். அடுத்த கிண்ணம். தட், தட். கடைசிக் கிண்ணத்தில் ஒரே ஒரு தட்.

அளவு ஒருவேளை அதேதான் இருந்திருக்கும். பசியோடு அந்த வீட்டில் தூங்கியதாக மல்நியோவுக்கு நினைவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி, “இது யாரு பொண்ணு?” என்று கேட்டபோது, “குன்-ஆள். கொழுந்தன் வீட்டு மிச்சம்” என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னதும், அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அந்த ஒற்றைத் தட்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

அதன் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது தட் விழ வேண்டிய இடத்தில் விழும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் அகப்பை விழுந்ததுமே, “போதும் பெரியம்மா” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். அப்படிச் செய்தால் தனக்குப் போடவில்லை என்று ஆகாது, தான் வேண்டாம் என்றதாக ஆகும். பதினோரு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டாள்.

பத்தொன்பது வயதில் ஒரு லாரி ஓட்டுநருக்கு வாழ்க்கைப்பட்டாள். மகன் கியோலுக்கு ஆறு வயதாகும்போது புருஷன் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு முளைப் பானைகள், சந்தை, சந்தைக்குப் பின்னால் ஆணிக்கடைக்காரருக்குச் சொந்தமான ஒரு அறை. கியோலுக்கு மூன்று அகப்பை போடுவாள். “அம்மா, வயிறு வெடிச்சுடும்” என்பான். “வெடிக்கட்டும், தச்சுக்கலாம்” என்பாள். அவன் படித்து, குவாங்ஜுவில் வேலைக்குப் போய், சோரின் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அறுபத்தேழாம் வயதின் நவம்பரில் சந்தையின் ஈரத்தரையில் மல்நியோ வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. குவாங்ஜு ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருக்கிறது, சோற்றைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். மல்நியோ தலையாட்டினாள். சோற்றை நான் எப்போது கூட்டினேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். பிறகு மருமகளிடம் டாக்டர் தாளில் ஏதோ எழுதிக் கொடுத்ததை அவள் கவனிக்கவில்லை. அறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத பானைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குளிர்காலம் எங்ககூட இரும்மா,” என்றான் கியோல். “புடிச்சிருந்தா அப்படியே இருந்துடு.”

டிசம்பர் ஏழாம் தேதி சந்தையில் ஆணிக்கடை போங் தலையைச் சொறிந்தார். “உங்க அறைய ஒரு கருவாட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா. டிசம்பர் இருபத்தேழாம் தேதி சந்தையில ஒரு பதில் சொல்லிடுங்கம்மா. விட்டுட்டீங்கன்னா விட்டதுதான். அப்புறம் வந்து கேட்டா என்கிட்ட வேற அறை கெடையாது.”

ஆக, அவளுக்கு இருபது நாள் இருந்தது. அதற்குள் ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்: அந்த வீட்டில் அவள் கொசுறா, குன்-ஆளா?

*

பதினான்காம் மாடி. தரையெல்லாம் கதகதப்பு. சின்ன முளைப்பானை ஒன்றைக் கூடவே கொண்டுவந்து குளியலறையில் வைத்திருந்தாள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு படுக்கையை மடித்து வைப்பாள், தூங்கியதற்கு அடையாளமே இல்லாமல். ஜன்னல் கட்டைகளைத் துடைப்பாள். துடைத்ததை மறுபடி துடைப்பாள். கியோலின் ஷூக்கள் பளபளத்தன.

“ஷூவுல முகம் தெரியுதும்மா. ஆபீஸ்ல வர்றவன் போறவனெல்லாம் என் காலைப் பாத்துத் தலை சீவிக்கறான்.”

“அதுக்காவது ஒதவுதே.”

“அம்மா, கொஞ்ச நேரம் சோபால உக்காருங்களேன்” என்பாள் சோரின். சோரின் அதிகம் பேசாத பெண். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. மாலையில் வந்ததும் கைகழுவி நேரே சமையல். எதைச் சொல்வதானாலும் முதலில் உதட்டைக் கடித்துக்கொள்வாள். கடித்த பிறகு பாதி நாள் சொல்லாமலே விட்டுவிடுவாள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு. மூத்தவளுக்குத்தான் முதல் கிண்ணம். சோரின் அதை மேடைமேல் ஒரு வெள்ளைப் பலகையில் வைத்தாள். சூடு படாமலிருக்க வைக்கும் பலகை என்றுதான் மல்நியோ நினைத்தாள். பலகையின் ஓரத்தில் எண்கள் ஒளிர்ந்தன. தராசு.

அகப்பை விளிம்பில் தட்டியது. தட். சோரின் குனிந்து எண்களைப் பார்த்தாள்.

“போதும் கண்ணு” என்று மல்நியோ கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கியோலின் கிண்ணம்: தட், தட். சோரினின் கிண்ணம்: தட், தட். அந்த இரண்டு கிண்ணங்களும் தராசில் ஏறவில்லை.

சோற்றில் கிம்ச்சி ஊறுகாய்ச் சாற்றை ஊற்றி விழுங்கினாள்.

முப்பத்தொரு வருஷம் தராசு பிடித்தவள் அவள். தராசு அந்நியருக்கு என்பது தெரியும். அந்நியருக்கும் எடைக்கு மேல் ஒரு பிடி உண்டு. வீட்டு மனுஷிக்கு எடை போட்டு, அந்த ஒரு பிடியும் இல்லை என்றால்? மறுநாள் காலையும் அதேதான். மறுநாள் ராத்திரியும். ஒரு தட். அறுபது வருஷம் கழித்துப் பெரியம்மா பதினான்காம் மாடிக்கு ஏறி வந்துவிட்டாளா?

கேட்டிருக்கலாம். கேட்பதற்கு என்ன இருக்கிறது? ‘எனக்கேன் ஒரு அகப்பை’ என்று கேட்டால், இல்லாத இரண்டாவது அகப்பையை வாய்விட்டுப் பிச்சை கேட்டதாக ஆகும். எட்டு வயதிலேயே கேட்காதவள் இப்போதா கேட்பாள்? கேட்பதற்குப் பதில் அவள் தன்னைச் சுருக்கிக்கொண்டாள். வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாள். பகலில் விளக்கே போடவில்லை. மத்தியானம் நின்றபடி ஒரு சக்கரைவள்ளிக் கிழங்கோடு முடித்துக்கொண்டாள். அறையிலிருந்து அறைக்கு நடந்தாள், முழங்கால் வலிக்க வலிக்க. எங்கே நின்றாலும் யாருடைய இடத்திலோ நிற்பது போலிருந்தது.

ஜொம்ரே போன் செய்தாள். “என்னடி, மாடி வீட்டு மகாராணி! எப்படியிருக்கே?”

“தரையெல்லாம் சூடாயிருக்கு.”

“அப்புறம் என்ன கொறச்சல்?”

“ஒண்ணுமில்ல. உன் மருமக சோறு எப்படிப் போடறா?”

“இதென்ன கேள்வி! கையாலதான் போடறா. ஏன், உன் மருமக காலாலயா போடறா?”

மல்நியோ சிரித்து மழுப்பி வைத்துவிட்டாள்.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் கியோல், “அறைய விட்டுடறோம்னு போங் ஐயாவுக்கு நானே போன் பண்ணிடவா?” என்று கேட்டான்.

“இரு. நானே சொல்லிக்கறேன்.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சோரின் குழாயை மூடினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இங்க இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்காம்மா?”

“எனக்கென்ன கஷ்டம்? உங்களுக்குத்தான் ஒரு ஆள் அதிகம்.”

சோரின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்த மௌனத்தையும் மல்நியோ கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் எழுவதற்கு முன் பானையைத் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். சோற்றுக் குக்கரின் மூடிமேல் ஒரு சீட்டு: சந்தைக்குப் போகிறேன், தேட வேண்டாம்.

*

“பேயைப் பாத்த மாதிரி இருக்கு!” என்றாள் ஜொம்ரே. “மகன் வீட்டுல தின்னு கொழுத்திருப்பேன்னு பாத்தா, கருவாடா வந்து நிக்கறியே. அந்தக் கருவாட்டுக்காரி கண்ணுல பட்டுடாத, எடை போட்டு வித்துடுவா.”

போங் சரக்கெடுக்கப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். மல்நியோ தன் பழைய இடத்தில் பானையை இறக்கினாள். அரை மணி நேரத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் வந்துவிட்டார்கள். எடை, முள், ஒரு பிடி. எடை, முள், ஒரு பிடி. கை தன் போக்கில் ஓடியது. மனசு மட்டும் குக்கர் மூடிமேல் இருந்த சீட்டைச் சுற்றிச்சுற்றி வந்தது.

“போங்குகிட்ட என்ன சொல்லப் போறே?” என்று கேட்டாள் ஜொம்ரே.

“அறை வேணும்னுதான்.”

“ஏண்டி?”

மல்நியோ முளைகளின் தலைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். “அங்க நான் குன்-ஆள், ஜொம்ரே.”

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. ஜொம்ரே மாவு பிசைவதை நிறுத்தினாள். கேலி செய்யவும் மறந்துவிட்டாள்.

“போன குளிர்காலத்துல உன் கொழாய் ஒறைஞ்சு போச்சே, என் வீட்டுல வந்து படுத்தியே. அப்ப நான் மூட்டினது என்ன? குன்-நெருப்பு. ஒல வைக்கல, கொழம்பு வைக்கல. தரை காயறதுக்காக வெறும் அடுப்புல வெறகை எரிச்சேன். வேண்டாத நெருப்புன்னு அணைச்சிருந்தா நீ வெறைச்சுப் போயிருப்பே.”

“நெருப்புக்கு வாயில்ல. சோறு கேக்காது.”

“வெறகு கேக்குதுல்ல! என்னமோ சொல்ல வந்துட்டா.”

அப்போதுதான் மல்நியோ வரிசையைப் பார்த்தாள். இரண்டு பெண்களுக்குப் பின்னால், அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டோடு, கையில் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டியோடு சோரின் நின்றாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. வரிசையை மீறி வரவில்லை. தன் முறை வந்ததும், மற்றவர்களைப் போலவே, “ரெண்டாயிரம் வோனுக்குக் குடுங்கம்மா” என்றாள்.

மல்நியோ பையில் முளையை அள்ளினாள். தட்டில் வைத்தாள். முள் நின்றது. கை பழக்கத்தில் பானைக்குள் போனது, ஒரு பிடியை இறுக்கவும் இறுக்கியது. பிறகு விட்டுவிட்டது. வெறும் கையை எடுத்துப் பையை முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

பின்னால் நின்ற கிழங்கு வியாபாரி, “அட, முளைக்காரம்மா கொசுறு போடல! இன்னிக்கு வானம் இடியப் போவுது!” என்று கூவினான்.

“எனக்குக் கொசுறு இல்லையாம்மா?” என்று கேட்டாள் சோரின்.

“எடை போட்டாச்சே. எடைக்கு மேல போடக் கூடாதுன்னு உன் வீட்டுலதான் கத்துக்கிட்டேன்.”

சோரினுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் காதுவரை சிவந்துபோனாள். உதட்டைக் கடித்தாள். இந்தத் தடவை கடித்ததோடு நிறுத்தவில்லை. பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உறையவைத்த சின்னச் சின்னச் சோற்று உருண்டைகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் தேதி.

“என்னது இது?”

“உங்க சோறு. முப்பத்தேழு இருக்கு.”

“என் சோறா?”

“டாக்டர் ஒரு வேளைக்கு நூத்திருவது கிராம்தான்னு எழுதிக் குடுத்தாரு. கொறைச்சுச் சாப்பிடுங்கன்னு உங்ககிட்ட என் வாயால எப்படிச் சொல்வேன்? அதான் சொல்லாம தராசை வாங்கினேன். அறுவதுக்குப் போட்டு நம்பரைப் பாத்துட்டு, இன்னொரு அறுவது. ஒரே தடவையாப் போட எனக்கு மனசு வருமா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் கையை ஒடைச்சிருப்பாங்க.” மூச்சு வாங்கினாள். “ஆனா நான் நம்பரைப் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள கிண்ணம் பறந்துடுதும்மா. கிண்ணமும் இல்ல, நீங்களும் இல்ல. அகப்பையில சோத்தோட நான் மட்டும் நிக்கறேன். காலையும் ராத்திரியும்.”

சந்தை இரைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது. மல்நியோவுக்கு மட்டும் அது தூரத்தில் கேட்டது.

“கூப்பிட்டிருக்கலாமே.”

“நீங்க ‘போதும்’னு சொல்றீங்க. என் சோறு உங்களுக்கு எறங்கலன்னு நெனச்சேன். அம்மாவுக்கு என் கை புடிக்கல, அதான் ஓடறாங்கன்னு.”

“குக்கர்லயே திரும்பப் போட்டிருக்கலாமே.”

“உங்களுக்குன்னு எடுத்ததம்மா. அதைத் திரும்பப் போடுவாங்களா?”

ஜொம்ரே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு உருண்டையை எடுத்துத் திருப்பித் தேதியைப் படித்தாள். “அடிப்பாவி! டாக்டர் பாதியாக் கொறைக்கச் சொன்னா நீ அதுலயும் பாதியைத் தின்னுட்டு அலைஞ்சிருக்கே. சக்கரை எறங்காம என்ன செய்யும்? ஆளே எறங்கிட்டே!” உருண்டையோடு போய் அதைத் தன் ஆவிச்சட்டியில் வைத்தாள். வரும்போது ஒரு கிண்ணமும் அகப்பையும் கொண்டுவந்தாள். மல்நியோவின் தோளைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

முளை வாங்க வந்தவர்கள் நின்றார்கள். கிழங்கு வியாபாரி நகரவே இல்லை. மல்நியோவின் கால்கள் பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தன. முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

சோரின் ஆவி பறக்கும் சோற்றிலிருந்து முதல் அகப்பையை வைத்தாள். தட்.

மல்நியோவின் கை தானாக எழுந்து கிண்ணத்தைப் பற்றியது. ‘போதும்’ உதட்டில் வந்து நின்றது. கிண்ணம் அசையவில்லை. சோரின் இடது கை ஆள்காட்டி விரலால் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் போங் வந்தார். தோளில் கம்பிச் சுருள், வாயில் மூச்சிரைப்பு. “வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. கருவாட்டுக்காரி கடையிலயே வந்து உக்காந்திருக்கா. அறைக்கு என்ன பதில் சொல்லட்டும்?”

மல்நியோ அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோரினின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருங்க போங் ஐயா. இன்னும் போட்டு முடியல.”

தட்.

*

சாவியை அன்றைக்கே கொடுத்துவிட்டாள். சோரினின் பையை வாங்கி, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, ஒரு பிடி போட்டாள், பிறகு இன்னொரு பிடி. கிழங்கு வியாபாரி தனக்கும் இரண்டு பிடி கேட்டுத் தகராறு செய்தான்.

குவாங்ஜுவில் அவள் ஐந்து குளிர்காலம் இருந்தாள். உட்காரக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வதற்கில்லை. விடியலுக்கு முன் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஜன்னல் கட்டைகளில் வண்ணம் தேய்ந்துபோகும்வரை துடைத்தாள். முழங்கால் விட்ட நாட்களில் சந்தைக்குப் பஸ் ஏறினாள், விடாத நாட்களில் பஸ் நிலையம்வரையாவது நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முப்பத்தாறு உருண்டைகளையும் தேதி வரிசைப்படி தின்று தீர்த்தாள். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. வெந்நீர்க் குழாயைத் திறக்க மூன்றாம் வருஷம்தான் மனசு வந்தது.

சாப்பாட்டு வேளையில் முதல் தட் விழுந்ததும் அவள் கை எழும். கடைசிவரை எழுந்தது. அறுபது வருஷப் பழக்கத்தை ஒரு பெஞ்சில் இறக்கி வைத்துவிட முடியாது. ஒவ்வொரு வேளையும் சோரின் தராசைப் பார்த்துக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், இடது கை விரலால் விளிம்பை அழுத்திப் பிடிப்பாள். இரண்டாவது தட் விழுந்த பிறகுதான் விரலை எடுப்பாள்.

“ஏன், ஓடிடுவேன்னா?” என்று மல்நியோ சில நாள் கேட்பாள்.

“நீங்க ஓட மாட்டீங்கம்மா. கிண்ணத்தைத்தான் நம்ப முடியல.”

இப்போது அவளுக்குப் படையல் வைக்கும் நாளில் தராசு தேவைப்படுவதில்லை. முளைச் சூப்பு, மீன், பேரிக்காய், கிண்ணம் நிறையச் சோறு. கியோல் ஊதுவத்தி கொளுத்துகிறான். கிண்ணம் எங்கேயும் பறக்கப் போவதில்லை. ஆனாலும் முதல் அகப்பை விழுந்ததும் சோரினின் இடது கை போய் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எடுப்பதில்லை.